ஆபீஸ் பெர்சனாலிட்டி டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம்?

வேலைக்கு விண்ணப்பித்த சில நாளில் எச்.ஆரிடமிருந்து ஒரு லிங்க் வரும். "இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் கிடையாது, மனதில் பட்டதைக் குறியுங்கள்" என்று மேலே எழுதியிருக்கும். கீழே வரிசையாக வாக்கியங்கள். கூட்டத்தில் இருந்தால் எனக்குச் சோர்வாகிறது. எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டேன். திட்டம் கடைசி நேரத்தில் மாறினால் எரிச்சல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை, ஓரளவு என்று ஒரு கிளிக். முடித்ததும் ஒரு ரிப்போர்ட். சில கம்பெனிகளில் இது ஆளெடுப்பதற்கான வடிகட்டி. வேறு சில இடங்களில் சேர்ந்த பிறகு 'டீம் பில்டிங்' நாளன்று நடக்கும் பொழுதுபோக்கு.

சரியான விடையே இல்லாத தேர்வை வைத்து ஒருவரை எப்படி எடுக்கவோ கழிக்கவோ முடியும்? இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். உளவியலாளர்கள் நூறு வருடமாக இதைத்தான் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால்: எல்லாச் சோதனைகளும் ஒரே தரம் அல்ல. மிகப் பிரபலமானதற்கு ஆதாரம் மிகக் குறைவு. ஆதாரம் உள்ளதும் கொஞ்சம்தான் உதவுகிறது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் சுவாரசியமான பகுதி. அதற்கு முன் ஒரு பொறியைத் தாண்ட வேண்டும்.

"அப்படியே என்னைப் பற்றிச் சொல்கிறதே!"

டெஸ்ட் எழுதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலர் இதைத்தான் சொல்வார்கள். ரிப்போர்ட்டைப் படித்தபோது தன்னையே கண்ணாடியில் பார்த்த உணர்வு வந்ததாம். டெஸ்ட் சரி என்பதற்கு அவர்களுக்கு வேறு சான்று தேவையில்லை.

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிட்ட குறிப்பு ஒன்றைக் கொடுத்து, "இது உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது? 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள்" என்றார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது: 39 பேருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதிலிருந்த வாக்கியங்களை, கடையில் வாங்கிய ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்திருந்தார். மற்றவர்கள் உங்களை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்கு உண்டு, சில சமயம் கலகலப்பாக இருப்பீர்கள், சில சமயம் ஒதுங்கி இருப்பீர்கள் என்ற ரகம். இது யாருக்குத்தான் பொருந்தாது?

ஆகவே ரிப்போர்ட் மனதைத் தொட்டது என்பது, அதை எழுதியவருக்கு மொழி கைவந்திருக்கிறது என்பதற்குத்தான் சான்று. சோதனை நல்லதா என்று பார்க்க வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

நம் ரயில்வே ஸ்டேஷன்களில் முன்பெல்லாம் ஒரு எடை மெஷின் நிற்கும். காசு போட்டால் கலர் விளக்குகள் மின்னி, கெட்டி அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் குணபலன். இறங்கி மறுபடி ஏறினாலும் அதே எடையைக் காட்டினால் மெஷினுக்கு நம்பகத்தன்மை இருக்கிறது. காட்டும் எண் உண்மையிலேயே உங்கள் எடைதான் என்றால் அதற்கு ஏற்புடைமை இருக்கிறது. நம்பகத்தன்மை இருந்தும் ஏற்புடைமை இல்லாமல் போகலாம்: எல்லோரையும் ஒவ்வொரு தடவையும் நான்கு கிலோ கூட்டிக் காட்டும் மெஷின் அப்படிப்பட்டது. ஆனால் நம்பகத்தன்மையே இல்லாவிட்டால் ஏற்புடைமைக்கு வழியே இல்லை. மறு பக்கத்துக் குணபலனைப் படித்துப் பரவசப்படுவது இந்த இரண்டிலும் சேராது. பெர்சனாலிட்டி ரிப்போர்ட்டில் சிக்கல் என்னவென்றால் எடையும் குணபலனும் ஒரே பக்கத்தில் கலந்து அச்சாகியிருக்கும்.

வேலைக்கான சோதனையில் ஏற்புடைமை என்றால் முக்கியமாக ஒன்றுதான்: இதில் வாங்கும் மதிப்பெண், அந்த ஆள் பின்னால் வேலையை எப்படிச் செய்வார் என்பதை முன்கூட்டியே காட்டுகிறதா?

நான்கெழுத்துக் கதை

உலகில் அதிகம் தெரிந்த சோதனை எம்.பி.டி.ஐ., அதாவது மையர்ஸ் பிரிக்ஸ். 'நான் ஐ.என்.எஃப்.ஜே.', 'எங்கள் மேனேஜர் ஈ.எஸ்.டி.ஜே.' என்று சொல்கிறார்களே, அந்த நான்கெழுத்து இங்கிருந்து வந்ததுதான். (இணையத்தில் இலவசமாக எழுதுவது பெரும்பாலும் அதன் சாயலில் செய்த வேறு டெஸ்ட். அசல், காசு கொடுத்து எழுத வேண்டியது.)

இதை உருவாக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மையர்ஸ். இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்ல. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய நூல்தான் அவர்களுக்கு மூலம். யுங் தன் வகைகளை எண்ணிக்கையாலோ சோதனையாலோ நிறுவவில்லை. நோயாளிகளைப் பார்த்தும் யோசித்தும் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் தொழிற்சாலை வேலைகளுக்கு வந்தார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் இருந்தால் நல்லதே என்று இசபெல் அப்போது வேலையைத் தொடங்கினார். படிப்பு இல்லாததால் மட்டும் ஒரு கருவியைத் தள்ளிவிட முடியாது. அவர் பல வருடம் உழைத்து, பள்ளி கல்லூரி மாணவர்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேள்விகளைச் சோதித்துத் திருத்தியவர். குறை அவருடைய உழைப்பில் இல்லை, 'வகை' என்ற அடிப்படை எண்ணத்தில் இருக்கிறது.

எம்.பி.டி.ஐ. நான்கு அளவுகோல்களில் மனிதர்களை இரண்டிரண்டாகப் பிரிக்கிறது. நீங்கள் ஒதுங்கி இருக்கும் இன்ட்ரோவர்ட் அல்லது கலகலப்பான எக்ஸ்ட்ரோவர்ட். சிந்தனையால் முடிவெடுப்பவர் அல்லது உணர்வால் முடிவெடுப்பவர். இப்படி நான்கு, மொத்தம் 16 வகை. மனிதர்கள் உண்மையிலேயே இரண்டு வகை என்றால், மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டால் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு மேடு தெரிய வேண்டும். தெரிவது ஒரே மேடு, அதுவும் நட்டநடுவில். பெரும்பாலோர் இன்ட்ரோவர்டும் இல்லை, எக்ஸ்ட்ரோவர்டும் இல்லை, நடுவில் ஏதோ ஓரிடம். அந்த மேட்டின் உச்சியிலேயே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஐ, அந்தப் பக்கம் ஈ என்று பெயர் வைத்தால், கோட்டுக்கு ஒட்டி நிற்பவர்கள்தான் மிக அதிகம். காலையில் காபி குடிக்காமல் டெஸ்ட் எழுதினால்கூட அவர்கள் அந்தப் பக்கம் போய்விடலாம்.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். மறுமுறை எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் மாறாமல் இருக்க 85 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதம் நல்ல எண்தான். ஆனால் நான்கு எழுத்தும் மாறாமல் இருக்க 0.85ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும். வருவது 0.52. அதாவது ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதாவது ஓர் எழுத்தாவது மாறிவிடும். நிஜ ஆய்வுகளிலும் நிலவரம் இதுதான். ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதியவர்களில் சுமார் பாதிப்பேர் வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள் என்று 1990களில் இதைப் பற்றி எழுதிய டேவிட் பிட்டெங்கர் எடுத்துக்காட்டினார். வகை என்பது பிறவிக் குணம் என்று சொல்லும் ஒரு கோட்பாட்டுக்கு இது சங்கடமான விஷயம்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எழுத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு அளவுகோலிலும் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் அது அவ்வளவு ஆடுவதில்லை. பால் கோஸ்டா, ராபர்ட் மெக்ரே இருவரும் 1989இல் பார்த்தபோது, இந்த நான்கு அளவுகோல்களும் பிறகு நாம் பார்க்கப்போகும் ஐந்து பண்புகளில் நான்குடன் நன்றாகவே பொருந்தின. அளந்தது வீணில்லை. அளந்ததை இரண்டாக வெட்டி, பாதித் தகவலைத் தூக்கிப் போட்டதுதான் கெடுத்தது.

சரி, வேலைத்திறனை இது முன்கூட்டிச் சொல்கிறதா? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த குழு ஒன்று 1991இல் இதை ஆராய்ந்தது. தொழில் வழிகாட்டலுக்கு எம்.பி.டி.ஐ.யைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்தப் போதுமான தரமான ஆய்வுகள் இல்லை என்றது. இதைவிட அழுத்தமான சாட்சி ஒன்று உண்டு. ஆளெடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. அப்படியிருந்தும் தென்கொரியாவில் இந்த நான்கெழுத்து, காதல் துணை தேடுவதிலிருந்து வேலை விளம்பரம் வரை போய்விட்டது.

டிஸ்க் என்ற இன்னொன்றும் ஆபீஸ்களில் பிரபலம். நான்கு நிறம், நான்கு வகை. இதன் மூலக்கருத்து 1928இல் வில்லியம் மார்ஸ்டன் எழுதியது. அவர் டெஸ்ட் எதையும் உருவாக்கவில்லை, மற்றவர்கள் பின்னால் செய்தார்கள். மார்ஸ்டன் பலே ஆள்: ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் முறையில் வேலை செய்தவர், வொண்டர் வுமன் என்ற காமிக்ஸ் நாயகியைப் படைத்தவரும் அவரே. வகை பிரிப்பதால் வரும் குறைகள் இதற்கும் பொருந்தும்.

வகையை விட்டால் என்ன மிச்சம்?

ஆய்வாளர்கள் நம்புவது 'பிக் ஃபைவ்' என்ற ஐந்து பண்புகளை. இது யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்த கோட்பாடு அல்ல. ஆரம்பம் ஓர் அகராதி. மனிதர்களுக்குள் முக்கியமான வேறுபாடு ஏதாவது இருந்தால் அதற்கு மொழியில் ஒரு சொல் கண்டிப்பாக இருக்கும் என்ற எண்ணத்தில், கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் 1936இல் ஆங்கில அகராதியைப் புரட்டி, ஒருவரை இன்னொருவரிடமிருந்து வேறுபடுத்தும் சொற்களாக 17,953 எடுத்தார்கள். பின்வந்தவர்கள் அவற்றைச் சுருக்கி, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்க விமானப்படைக்காக 1961இல் டியூப்ஸ், கிறிஸ்டல் இருவரும் செய்த ஆய்வு உட்பட, பலர் தனித்தனியாகச் செய்தும் ஐந்து குவியல்களே திரும்பத் திரும்ப வந்தன: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனச்சஞ்சலம்.

இதில் வகை கிடையாது. ஒவ்வொன்றிலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான். "பொறுப்புணர்வில் 100 பேரில் 43ஆவது இடம்" என்று வந்தால் யாரும் அதை பயோவில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மார்க்கெட்டில் இது எடுபடாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆளுக்கு ஆள் நல்லதாக ஒன்றைச் சொல்லும் சரக்கு விற்கிற மாதிரி, சிலருக்குக் கசப்பாகச் சொல்லும் சரக்கு விற்காது.

இந்த ஐந்துக்கும் வேலைக்கும் என்ன உறவு? 1965இல் ராபர்ட் கையனும் ரிச்சர்ட் காட்டியரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, ஆளெடுக்கப் பெர்சனாலிட்டி டெஸ்ட்டைப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதினார்கள். கிட்டத்தட்ட 25 வருடம் துறையே இதில் ஆர்வமிழந்து கிடந்தது. 1991இல் முர்ரே பேரிக், மைக்கேல் மவுண்ட் இருவரும் ஐந்து பண்புகளாகப் பிரித்து, பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். அவர்கள் பார்த்த எல்லாத் தொழில் பிரிவுகளிலும் வேலைத்திறனோடு தொடர்பு காட்டியது பொறுப்புணர்வு ஒன்றுதான். நேரத்துக்கு முடிப்பது, சொன்னதைச் செய்வது, கவனமாக இருப்பது. கலகலப்பு, விற்பனையாளருக்கும் மேனேஜருக்கும் ஓரளவு உதவியது. மற்றவை இடத்துக்கு இடம் மாறின.

இந்தத் தொடர்பு எவ்வளவு பலமானது? பிளஸ் டூ புள்ளியியலில் வரும் ஒட்டுறவுக் கெழுவால் இதை அளக்கிறார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹண்டரும் தொகுத்த புகழ்பெற்ற பட்டியலில் பொறுப்புணர்வுக்கு 0.31 இருந்தது. 2022இல் பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும், பழைய கணக்குகளில் எண்ணை அளவுக்கு மீறி உயர்த்தித் திருத்தும் வழக்கம் இருந்ததைச் சுட்டிக்காட்டி, மறுபடி கணக்கிட்டார்கள். பொறுப்புணர்வு 0.19க்கு இறங்கியது.

சுமார் 0.2 என்றால் என்ன அர்த்தம்? டெஸ்ட்டில் மேல் பாதியில் வந்தவர்களில் ஒரு நூறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் வேலையிலும் மேல் பாதியில் வருபவர்கள் சுமார் 56 பேர். டெஸ்ட்டே வைக்காமல் குலுக்கல் போட்டிருந்தால் 50 பேர் வந்திருப்பார்கள். லாபம் ஆறு பேர். இதையே கழிக்கப்பட்ட பக்கத்திலிருந்து பார்த்தால், டெஸ்ட்டில் கீழ்ப் பாதி என்று ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு நூறு பேரிலும் 44 பேர் வேலையில் மேல் பாதிக்கு வந்திருக்கக்கூடியவர்கள்.

வருடம் ஐயாயிரம் பேரை எடுக்கும் கம்பெனிக்கு நூற்றுக்கு ஆறு என்பது பணமாகப் பார்த்தால் பெரிய விஷயம். அதனால்தான் விற்பவர்களும் வாங்குபவர்களும் இதை விடுவதில்லை, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் ஒருவரைப் பற்றி அந்த எண் ஏறத்தாழ ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இணையத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவர் கம்பெனிப் பக்கமும் இன்னொருவர் விண்ணப்பதாரர் பக்கமும் நின்று பேசுவதால் வருவது.

நடிக்க முடியாதா?

தாராளமாக முடியும். "எடுத்த காரியத்தை முடிப்பேன்" என்பதற்கு வேலை தேடுபவர் என்ன விடை தருவார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைவிடப் பொறுப்புணர்விலும் மன உறுதியிலும் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. இதைத் தடுக்க, இரண்டு நல்ல வாக்கியங்களைக் கொடுத்து 'இதில் எது உங்களுக்கு அதிகம் பொருந்தும்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும் முறை இருக்கிறது. "என் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை" போன்ற கண்ணி வாக்கியங்களும் உண்டு. அதற்கு ஆமாம் போட்டால் சந்தேகம் வரும். கொஞ்சம் உதவும், முழுதாகத் தடுக்காது.

2007இல் தொழில்சார் உளவியல் ஆய்விதழ்களின் முன்னாள் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நடிப்பதைத் தடுக்க முடியாது, ஆனால் பெரிய பிரச்சினை அதுவல்ல, முதலில் இந்தச் சோதனைகளின் கணிப்புத் திறனே குறைவு என்பது அவர்கள் வாதம். டெனிஸ் ஓன்ஸ் உள்ளிட்ட வேறு சிலர் அதே வருடம் மறுத்து எழுதினார்கள். இன்னும் முடியாத விவாதம்.

கணிப்புத் திறனைச் சற்றுக் கூட்டும் எளிய வழி ஒன்று மட்டும் தெரியவந்திருக்கிறது: வாக்கியங்களில் 'வேலையில்' என்ற சொல்லைச் சேர்ப்பது. வீட்டில் துணியை மடிக்காமல் குவித்து வைப்பவர் ஆபீஸில் ஃபைலை ஒழுங்காக வைத்திருக்கலாம். பொதுவாகக் கேட்டால் இரண்டும் குழம்பிவிடும்.

மனநோயைக் கண்டறிய உருவாக்கிய சோதனைகளை ஆளெடுக்கப் பயன்படுத்துவது வேறொரு சிக்கல். 1943இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எம்.எம்.பி.ஐ. மருத்துவமனைக்கானது. அதன் கேள்விகளைக் கலந்து அமெரிக்காவின் டார்கெட் கடைகளின் காவலர் வேலைக்கு வந்தவர்களிடம் கேட்டதில், மத நம்பிக்கையும் பாலியல் நாட்டமும்கூட இருந்தன. கலிஃபோர்னியாவில் வழக்கு நடந்து, 1993இல் சமரசத்தில் முடிந்தது. 2005இல் ரென்ட்-ஏ-சென்டர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, எம்.எம்.பி.ஐ. ஒரு மருத்துவப் பரிசோதனை என்றும், பதவி உயர்வுக்காக அதை வைத்தது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரானது என்றும் தீர்ப்பளித்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படித்தவர்களிடம் நடந்தவை. பொலிவியாவின் சிமானே மக்கள், பெரும்பாலும் எழுத்தறிவில்லாத, வேட்டையும் விவசாயமுமாக வாழும் சமூகம். அவர்களிடம் மைக்கேல் கர்வனும் குழுவினரும் கேட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து குவியல்கள் தெளிவாக வரவே இல்லை. ஐந்து என்பது மனித இயல்பா, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சமூகத்தின் இயல்பா என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. ஓரிடத்தில் செய்த டெஸ்ட்டை மொழிபெயர்த்து, அங்கே போட்ட சராசரியையே வைத்து இங்கே ஆளைக் கழிப்பது எவ்வளவு சரி என்று யோசியுங்கள்.

இப்போது உங்களுக்கு அந்த லிங்க் வந்தால்? டெஸ்ட்டின் பெயரைக் கேளுங்கள். முடிவில் 'வகை' வருகிறதா, எண் வருகிறதா என்று பாருங்கள். இது ஆளெடுக்கவா, பயிற்சிக்கா, ரிப்போர்ட் எவ்வளவு நாள் இருக்கும், உங்களுக்கும் ஒரு பிரதி தருவார்களா என்று கேட்பதில் தப்பில்லை. டீம் பில்டிங் என்றால் ஜாலியாக எழுதுங்கள். கூட வேலை செய்பவர் "எனக்கு யோசிக்க நேரம் வேண்டும், உடனே பதில் கேட்காதீர்கள்" என்று சொல்ல அந்த நான்கெழுத்து ஒரு சாக்காக இருந்தால் அதில் நன்மைதான். அதை வைத்து யாருக்கு என்ன வேலை என்று முடிவு செய்யும்போதுதான் வம்பு.

நீங்கள் எச்.ஆரில் இருப்பவர் என்றால், விற்க வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: எங்கள் மாதிரி வேலையில், மதிப்பெண்ணுக்கும் வேலைத்திறனுக்கும் ஒட்டுறவு எவ்வளவு? "95 சதவீதம் பேர் ரிப்போர்ட் சரி என்கிறார்கள்" என்று பதில் வந்தால், ஃபோரரின் மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு "நேரில் பேசினால் எனக்கு ஆளைத் தெரிந்துவிடும்" என்று திரும்பிப் போவதும் தீர்வில்லை. சாக்கெட் பட்டியலில், திட்டமில்லாமல் மனம்போன போக்கில் நடத்தும் இன்டர்வியூவுக்கும் 0.19தான். பொறுப்புணர்வு டெஸ்ட்டும் அதுவும் ஒரே எண். அதே பட்டியலில் முதலிடம் 0.42 வாங்கிய, திட்டமிட்ட இன்டர்வியூவுக்கு. வேலைக்குத் தேவையான கேள்விகளை முன்கூட்டி எழுதி, எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, எந்த மாதிரிப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று முதலிலேயே தீர்மானித்து வைத்துக்கொள்வது. முன்பு போட்ட கணக்கில் 56 பேர் இருந்த இடத்தில் இதற்கு 64 பேர் வருவார்கள். இதற்கு லைசென்ஸ் கட்டணம் எதுவும் கிடையாது. அந்த வேலையைத் தெரிந்த இரண்டு பேர் ஒரு மதியம் உட்கார்ந்து கேள்விகளை எழுத வேண்டும், அவ்வளவுதான்.